சிவப்புக்கு எதிரே சிவப்பு

கையெழுத்துப் போடத் தயார், ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கும் அந்த ஒரு வரியை எடுத்துவிட வேண்டும் என்று ஸ்பேனர் சொன்னதும், மேசையைச் சுற்றியிருந்த நான்கு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இடத்தை வாங்க வந்திருந்த விடுதிக் கம்பெனி ஆள் பேனா மூடியைப் பார்த்தார். அரசாங்க ஆய்வாளர் ஜன்னலைப் பார்த்தார். அம்மா மட்டும் மகளைப் பார்த்தாள்.

அந்த வரி இதுதான்: ‘பராமரிப்புக் குறைவினால் பழுதடைந்து, ஓடத் தகுதியற்றுப்போன ராட்டினம் ஒன்று, இரும்புக் கழிவாக.’

ஸ்பேனர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பதினாறு வயதில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ராட்டினத்தின் உச்சிக்கு ஏறி நட்டு முடுக்கியவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? இப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு. பாவாடை போய்க் காற்சட்டை வந்துவிட்டது. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

“அக்கா, ஒரு வரிக்காகவா இந்த ஆட்டம்?” என்றான் தம்பி. “நிலம் போகுது, மரம் போகுது, எல்லாத்துக்கும் சரின்னு சொன்னே. அந்த வரியில என்ன இருக்கு?”

“நான் இருக்கேன்.”

“உன் பேரே அதுல இல்லையே!”

“பராமரிப்புன்னு போட்டிருக்கே. அது யாரு, உன் மாமனாரா?”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். குடும்பத்தில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் இந்தப் பத்திரம் செல்லும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவோ, பிள்ளைகள் இரண்டு பேரும் போட்டால் நானும் போடுகிறேன் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாள். ஆக, எல்லாம் ஸ்பேனர் கையில் வந்து நின்றது. அந்தக் கையில் எப்போதும்போல் கிரீஸ்.

அவர்களுடைய கேளிக்கைப் பூங்கா மூடி ஆறு வருடம் ஆகிறது. காட்டுக்கு நடுவே, ஒரு மரத்தையும் வெட்டாமல், மரங்கள் விட்ட இடத்தில் அப்பா கட்டியது. குதிரைச் சுற்று இரண்டு மரங்களுக்கு இடையில் பிதுங்கி நிற்கும். குட்டி ரயில், வேர்களுக்குப் பயந்து பாம்புபோல் வளைந்து போகும். ராட்டினத்துக்கு மட்டும்தான் தலைக்கு மேல் வானம். அப்பா இறந்த பிறகும் மூன்று வருடம் குடும்பமே நடத்தியது. ஸ்பேனர் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டாள். தம்பி ஒலிபெருக்கியில் பேசினான், அதனால் அவனுக்கு மைக் என்று பெயர். அம்மா டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்தாள்.

அம்மாவின் ஜன்னலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ராட்டினத்துக்கு இரண்டு நிற டிக்கெட்டுகள். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். அழகுக்காக என்றுதான் ஊரே நினைத்தது. உண்மையில் அம்மா ஜன்னல் வழியாக ஆளை ஒரு பார்வை பார்ப்பாள். கனமான ஆளுக்குச் சிவப்பு, லேசான ஆளுக்கு மஞ்சள். கண்ணாலேயே எடை போடுவாள், இரண்டு கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும் தொப்பைக்காரர்களின் வித்தை எதுவும் அவளிடம் பலித்ததில்லை. “நீ கனம்னு முகத்துக்கு நேரா சொன்னா எவன் ஏறுவான்?” என்பாள். அதனால் இந்தச் சங்கதி குடும்பத்தைத் தாண்டி வெளியே போனதே கிடையாது.

ராட்டினத்தை ஓட்டும் நெம்புகோல் மேடைக்கு அடியில் ஒரு குழியில் இருந்தது. அங்கே நின்றால் ஏறுகிறவர்களின் செருப்புகூடத் தெரியாது. மேடையில் கிழிக்கும் டிக்கெட்டின் பாதி ஒரு குழாய் வழியாக வந்து ஸ்பேனர் முன்னாலிருந்த தகரப் பெட்டியில் விழும். அந்த நிறத்தைப் பார்த்து அவள், ஆட்கள் உட்காரும் தொட்டிகளை மேடையில் நிறுத்துவாள். ஒரு தொட்டியில் சிவப்பு ஏறினால் நேர் எதிர்த் தொட்டியிலும் சிவப்பு. சிவப்புக்கு எதிரே சிவப்பு, மஞ்சளுக்கு எதிரே மஞ்சள். எல்லாமே ஒரே நிறமாக வந்தால் எதிரே எதிரே என்று தேடவேண்டிய வேலை இல்லை, வரிசையாக நிரப்பிக்கொண்டே போகலாம். முப்பது வருடம் அப்படித்தான் சுற்றியது, ஒரு முனகல் இல்லாமல்.

மூடிய அன்று விடுமுறை நாள். அம்மா கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தாள். ஜன்னலில் தம்பி உட்கார்ந்தான். ஒரு பளுதூக்கும் சங்கத்தார் கூட்டமாக வரப்போவதாகச் சொல்லியிருந்தார்கள், அதனால் பெட்டியில் சிவப்பாக விழுந்தபோது ஸ்பேனர் ஆச்சரியப்படவில்லை. நாற்பத்தெட்டும் சிவப்பு. எல்லாம் பளுதூக்குகிறவர்கள் என்று நினைத்து வரிசையாக நிரப்பினாள். உண்மையில் முதல் ஆறு தொட்டியில்தான் அவர்கள். அடுத்த ஆறில் ஒரு பள்ளிக்கூடத்தின் இரண்டாம் வகுப்பு. மெல்ல நகர்த்தி ஏற்றும்வரை ஒன்றும் தெரியவில்லை. வேகம் பிடித்ததும் கனத்த பக்கம் இழுத்தது, ஆபத்தென்றால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த அப்பா வைத்த பூட்டு டணார் என்று விழுந்தது, ராட்டினம் நின்றது.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கைச்சக்கரத்தைச் சுற்றிக் கால் மணி நேரத்தில் எல்லோரையும் இறக்கியிருப்பாள். ஆனால் அதற்குள் யாரோ தீயணைப்புக்குச் சொல்லிவிட்டார்கள். வந்தவர்கள் எதையும் தொடாதே என்று அவளைக் குழியிலிருந்து வெளியேற்றிவிட்டு ஏணி வைத்து ஒவ்வொருவராக இறக்கினார்கள். மூன்று மணி நேரம். குழந்தைகள் பாட்டுப் பாடிக்கொண்டு இருந்தார்கள், அழுதது பளுதூக்குகிறவர்கள்தான். மழை வேறு. ஆய்வாளர் காரை விட்டு இறங்காமலே எழுதினார்: பூட்டு தேய்ந்துள்ளது, பராமரிப்பு இல்லை. ஸ்விட்ச் பெட்டிக்கு அரக்கு முத்திரை விழுந்தது.

அன்று மாலை தகரப் பெட்டியைக் கவிழ்த்து எண்ணியபோதுதான் ஸ்பேனருக்கு விளங்கியது. தம்பியிடம் கேட்டாள். அவன் குதிரைச் சுற்றின் பின்னால் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து சொன்னான். என்ன கலர் வேணும் என்று கேட்டிருக்கிறான். குழந்தைகள் எல்லாம் சிவப்பு என்று கத்தியிருக்கின்றன. பளுதூக்குகிறவர்களின் பனியனும் சிவப்பு, அவர்களுக்கும் அதே கேட்டிருக்கிறது. “கேட்டதைக் கொடுத்தேன், அக்கா. சொல்லிடாதே, அக்கா. போலீஸ் வந்துடும்.” அவன் மனைவிக்கு அப்போது எட்டு மாதம். ஸ்பேனர் வாயை மூடிக்கொண்டாள். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

வருடம் ஓடியது. தம்பி நகரத்துக்குப் போனான், நல்ல வேலையில் உட்கார்ந்தான். ஒவ்வொரு முறை வரும்போதும், “மெஷின் பழசு, அக்கா, அன்னைக்கே தெரிஞ்சுபோச்சே,” என்று சொல்ல ஆரம்பித்தான். முதலில் அவள் அதைப் பயம் என்று நினைத்தாள். பிறகு புரிந்தது, அவன் அதை நம்பவே தொடங்கிவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனை மன்னிக்கலாம். அப்படி ஒரு பூசணிக்காயே விளையவில்லை என்று சாதிக்கிறவனை என்ன செய்வது? ஸ்பேனருக்கு அதுதான் ஆறவில்லை. ஆறு வருடமும் வாரம் தவறாமல் நட்டுகளை முடுக்கினாள், கிரீஸ் வைத்தாள், அச்சு ஒரே இடத்தில் உட்கார்ந்து தழும்பாகிவிடக் கூடாது என்று கைச்சக்கரத்தால் ஒரு தொட்டி அளவு நகர்த்தி வைத்தாள். ஓடாத ராட்டினத்துக்கு இது எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை.

“சரி, என்னதான் செய்யணும்ங்கிறீங்க?” என்றார் கம்பெனி ஆள்.

“ஓட்டிப் பார்க்கணும்.”

ஆய்வாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். “அம்மா, நான் முத்திரையை எடுத்து ஒப்படைக்க வந்திருக்கேன். பரிசோதனைக்கு வரலை.”

“முத்திரையை எடுத்துடுவீங்க இல்லையா? எடுத்தப்புறம் ஸ்விட்ச் என்னுது. நீங்க நின்னு பார்த்தா போதும். போன தடவை மாதிரி காருக்குள்ள இருந்து இல்ல, வெளியில நின்னு.”

அவர் முகம் சிவந்தது. ஆனால் கம்பெனி ஆளுக்கு அன்றைக்குள் கையெழுத்து வேண்டும். அவர் ஆய்வாளரின் காதில் ஏதோ சொன்னார். ஆய்வாளர் முழங்காலைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

ராட்டினத்தின் கீழே தயாராக நாற்பத்தெட்டு மூட்டைகள் அடுக்கியிருந்தன. குழந்தைகள் விளையாடும் மணற்குழியை ஒரு மாதமாகக் காலி செய்து அம்மாவும் மகளும் கட்டியவை. இருபத்துநான்கு பெரியது, இருபத்துநான்கு சின்னது. தம்பி அவற்றைப் பார்த்ததும் நின்றுவிட்டான். எண்ணிக்கை அவனுக்கும் நினைவிருந்தது.

“இது எதுக்கு?” என்றான் மெதுவாக.

“அன்னைக்கு நடந்ததை மறுபடி நடத்தப்போறேன்.”

“அக்கா...”

“தள்ளு.”

இடத்தை அளக்க வந்திருந்த கம்பெனியின் நான்கு தொழிலாளிகள் மூட்டைகளை ஏற்றினார்கள். பெரிய மூட்டை முதல் ஆறு தொட்டியில், சின்னது அடுத்த ஆறில். ஆய்வாளர் அரக்கைச் சுரண்டி எடுத்தார். ஜெனரேட்டர் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. உடனே மரங்களில் கட்டியிருந்த பழைய ஒலிபெருக்கிகள் எல்லாம் கரகரவென்று கத்தின, காட்டுப் பறவைகள் கூட்டமாக எழுந்தன. தம்பி பழக்க தோஷத்தில் ஓடிப்போய் மைக்கைக் கையில் எடுத்து அதன் திருகைச் சரி செய்தான். சத்தம் அடங்கியது. மைக் கையிலேயே இருந்தது.

ஸ்பேனர் குழியில் இறங்கி நெம்புகோலைத் தள்ளினாள். ஆறு வருட உழைப்பு அந்த ஒரு பூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ராட்டினம் அசைந்தது. உறுமவில்லை, கிறீச்சிடவில்லை. வேகம் பிடித்தது. பெரிய மூட்டைகள் ஒரு பக்கமாக மேலே ஏறின, உச்சியைத் தாண்டின, இழுத்தன.

டணார்!

கம்பெனி ஆள் குனிந்து தலையைப் பிடித்துக்கொண்டார். ராட்டினம் அப்படியே நின்றது. ஒரு தொட்டிகூட ஊசலாடவில்லை.

ஸ்பேனர் குழியிலிருந்து தலையை நீட்டினாள். “சார், தேய்ஞ்ச பூட்டு பிடிக்குமா? தேய்ஞ்சா வழுக்கும். இது ஒரு டன்னைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. இது பழுது இல்ல சார், இதுதான் இதோட வேலை. அன்னைக்கும் இது வேலையைத்தான் செஞ்சது. வந்து தொட்டுப் பாருங்க.”

ஆய்வாளர் முழங்கால் வலியோடு குழிக்குள் இறங்கினார். பூட்டின் பற்களை விரலால் தடவினார். கைவிளக்கு அடித்துப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். அவள் கைச்சக்கரத்தைச் சுற்றி, ஒவ்வொரு தொட்டியாகத் தரைக்குக் கொண்டுவந்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினான்கு நிமிடம் ஆயிற்று.

பிறகு அம்மா மேடைக்கு வந்தாள். சிவப்பும் மஞ்சளுமாகப் பழைய டிக்கெட் கட்டுகளை இடுப்பிலிருந்து எடுத்து, மூட்டைகளின் மேல் ஒவ்வொன்றாகக் குத்தினாள். சிவப்புக்கு எதிரே சிவப்பு என்று கைகாட்டி மாற்றி ஏற்றச் சொன்னாள். இந்த முறை ராட்டினம் பத்துச் சுற்று சுற்றியது. நிறுத்தச் சொன்னபோதுதான் நின்றது.

“இந்தக் கலர் விஷயத்தை எங்கிட்ட யாரும் சொல்லலையே,” என்றார் ஆய்வாளர். அவர் குரல் இறங்கியிருந்தது.

“நீங்க கேக்கலையே,” என்றாள் அம்மா.

“சரி, கேக்குறேன். அன்னைக்கு ஏன் ஒரே பக்கமா ஏத்துனீங்க?”

“எனக்கு வந்ததெல்லாம் சிவப்பு,” என்றாள் ஸ்பேனர். “சிவப்புன்னா கனம். எல்லாம் ஒரே கனம்னு வரிசையா நிரப்பினேன்.”

“குழந்தைங்களுக்குச் சிவப்பு எப்படி வந்தது? கொடுத்தது யாரு?”

அம்மா அப்போதுதான் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பல் பிடுங்கிய தாடையில் தானாகவே கை போயிற்று. ஆறு வருடமாக அவளிடம் சொன்ன கதை வேறு. பூட்டு தானாக விழுந்தது என்றுதான் சொல்லியிருந்தார்கள். மூட்டை கட்டும்போதுகூட, பூட்டைச் சோதிக்க என்று மட்டுமே மகள் சொல்லியிருந்தாள்.

ஸ்பேனர் கையைத் துணியில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். அந்தத் தகரப் பெட்டி, நாற்பத்தெட்டு சிவப்பு அடிக்கட்டைகளோடு, அவள் காலடியில்தான் இருந்தது. “அதை நான் சொல்ல மாட்டேன்,” என்றாள்.

“அது தெரியாம நான் அறிக்கையை மாத்தி எழுத முடியாதும்மா. காரணம் போடணும்.”

“மாத்தாதீங்க அப்போ. நானும் கையெழுத்துப் போடலை. என் ராட்டினம் சரியா இருக்குன்னு காட்டணும், காட்டிட்டேன். இன்னொருத்தரைக் காட்டிக் கொடுத்துத்தான் என் பேரைக் காப்பாத்தணும்னா, அந்தப் பேர் கழிவாவே கிடக்கட்டும்.”

இதைச் சொல்லும்போது அவள் தம்பி இருந்த பக்கமே திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பாள், அல்லது அறைந்திருப்பாள். இரண்டுக்கும் அவளிடம் அன்று தெம்பு இல்லை.

அப்போது காடு முழுக்க ஒரு குரல் கேட்டது.

“நான்தான் கொடுத்தேன்.”

மைக் அவன் கையில் இருந்தது, திறந்தபடி. அதை அவன் மறந்துவிட்டானா, வேண்டுமென்றே செய்தானா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. குதிரைச் சுற்றின் மேலிருந்தும், ரயில் கொட்டகையிலிருந்தும், மூடிக் கிடந்த வாசலிலிருந்தும் அவன் குரலே வந்தது. “அம்மா பல்லு புடுங்கப் போயிருந்தாங்க. நான் ஜன்னல்ல உக்காந்தேன். எடையைப் பார்க்கலை. என்ன கலர் வேணும்னு கேட்டேன். கேட்டதைக் கொடுத்தேன். அக்கா மேல தப்பு இல்ல. மெஷின் மேலயும் தப்பு இல்ல. ஆறு வருஷமா எனக்குத் தெரியும்.”

தொழிலாளிகள் நால்வரும் தரையைப் பார்த்தார்கள். அம்மா மேடையிலிருந்து இறங்கி, விடுவிடுவென்று மகனிடம் போய், மைக்கைப் பிடுங்கி நிறுத்தினாள்.

“என்ன கலர் வேணும்னு கேட்டியா?” என்றாள். “பலூனாடா வித்தே?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா அடிக்கக் கையை ஓங்கினாள், பிறகு அந்தக் கையாலேயே அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். ஸ்பேனர் அதை முழுதாகப் பார்த்தாள். கோபம் போய்விடவில்லை. ஆறு வருடக் கோபம் ஒரு வாக்கியத்தில் போய்விடாது. ஆனால் நெஞ்சில் நெடுநாளாகப் பூட்டிக் கிடந்த ஏதோ ஒன்று, கைச்சக்கரம் சுற்றியதுபோல் ஒரு தொட்டி அளவு நகர்ந்தது.

ஆய்வாளர் காருக்குப் போகவில்லை. அங்கேயே ஒரு மணல்மூட்டையின் மேல் உட்கார்ந்து, மடியில் காகிதத்தை வைத்து எழுதினார். ‘ஏற்றிய விதத்தில் நேர்ந்த பிழை. இயந்திரத்தில் குறையில்லை. பராமரிப்பு நன்று.’ நன்று என்ற சொல்லின் அடியில் அவராகவே ஒரு கோடு போட்டார். ஸ்பேனர் அதை வாங்கி இரண்டு தடவை படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டாள்.

கம்பெனி ஆள் ஒன்பதாம் பக்கத்தில் அந்த வரியை அடித்துவிட்டுப் பேனாவை நீட்டினார். “இப்போ போடலாம் இல்லையா?”

ஸ்பேனர் பேனாவை வாங்கவில்லை. அந்தக் குடும்பத்தில் அப்பா காலத்திலிருந்தே ஒரு வழக்கம். நட்டை முடுக்கிய கைதான் முதல் சுற்று ஏற வேண்டும். மூட்டை ஏறினால் அது சுற்றில் சேராது, ஆள் ஏறினால்தான் கணக்கு. ஆறு வருடமாக முடுக்கியவளுக்கு ஒரு சுற்றுகூடக் கிடைக்கவில்லை.

“மூட்டையெல்லாம் இறக்குங்க,” என்றாள். பிறகு தம்பியிடம், “குழிக்குள்ள இறங்கு. நெம்புகோல் உன் கையில,” என்றாள்.

“நானா?”

“நீதான். பயமா இருந்தா இப்பவே சொல்லிடு.”

“ஏறப்போறது நீ. பயம் உனக்குத்தானே இருக்கணும்?”

“எனக்கு எதுக்கு? முடுக்கினது நான்.”

அவன் இறங்கினான். அவள் தொட்டிக்குள் காலை வைக்கும்போது அம்மா வழிமறித்தாள். “டிக்கெட் இல்லாம யாரும் ஏறக் கூடாது.” மகளை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டு மஞ்சளைக் கிழித்துக் கையில் திணித்தாள். “இளைச்சுட்டே,” என்றாள். அடிக்கட்டை குழாய் வழியாக விழுந்தது. கீழே தம்பி, “மஞ்சள்!” என்று கத்தினான். அவன் பெட்டியை ஒழுங்காகப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

ராட்டினம் அவளை மேலே எடுத்துச் சென்றது. இலைகள் கீழே போயின, குதிரைச் சுற்றின் துருப்பிடித்த கூரை போயிற்று, கிளைகள் போயின, பிறகு வெறும் வானம். கீழே கம்பெனி ஆள் கையைக் குவித்து வாயில் வைத்துக் கத்தினார்.

“எத்தனை சுத்து?”

அவள் எட்டிப் பார்த்தாள்.

“ஓடுற ராட்டினத்தைக் கழிவுன்னு எழுதின பத்திரம் அது! ஒரு வரியை அடிச்சாப் போதாது, முழுசா கிழிச்சுட்டுப் புதுசா எழுதிட்டு வாங்க. அதுக்கப்புறம் விக்கிறதா வேண்டாமான்னே யோசிக்கிறேன்!”

“அதுவரைக்கும் என்ன பண்றது?”

டிக்கெட் ஜன்னலின் பலகை தடாலென்று திறந்தது. அம்மா உள்ளே போய் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி ஆளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு ஒரு டிக்கெட்டைக் கிழித்தாள்.

“ஏறுங்க,” என்றாள். “உங்களுக்குச் சிவப்பு.”